முட்டை மேல் மூன்று சுழி

அக்டோபர் 6, திங்கள்

இன்று ஒரு சிறிய தவறு செய்திருப்பது தெரியவந்தது. சிறியதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குழப்பமாக இருந்தால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுங்கள், தவறு தானாகக் கை தூக்கும் என்று மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

மீன் நலத் துறையின் பண்ணையில் நான் ஆய்வுக்கூட உதவியாளன். தற்காலிகம். அலுவலக நடையில் பிழையில்லாமல் எழுதத் தேறினால் நிரந்தரம் ஆகலாம் என்றார்கள். அதனால் மாலை வகுப்பு. வகுப்பு சொன்னதால் இந்த நாட்குறிப்பு.

பண்ணை மீன்களின் முட்டைகளைப் பொரிப்பகத்தில் தட்டுகளில் பரப்பி, மேலே குளிர்ந்த நீரை ஓடவிடுவது வழக்கம். மூன்றாம் தொட்டியில் சில முட்டைகள் வெளுத்துவிட்டன. பஞ்சுக் குச்சியால் முட்டைகளைத் தடவி, கண்ணாடித் தட்டில் பூசி, கதகதப்பான பெட்டியில் வைத்தேன். மறுநாள் தட்டில் பாக்டீரியா புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. இப்படி ஓரிடத்தில் கூடி வளரும் புள்ளிக்கு எங்கள் கூடத்தில் காலனி என்று பெயர். பயப்பட ஒன்றுமில்லை. நம் தோல் மேல் இருப்பதைப் போல எந்த மீன் முட்டை மேலும் பாக்டீரியா இருக்கும். எது கெட்டது, எது தன் பாட்டுக்கு இருப்பது என்று பார்ப்பதுதான் என் வேலை. "மூன்றாம் தொட்டி முட்டைகள் மேல் காலணிகள் காணப்பட்டன. வெளுத்த முட்டைகளை அன்றாடம் பொறுக்கி எடுத்துவந்தால் போதும்" என்று அறிக்கை எழுதி அனுப்பினேன்.

இன்று மாலை வகுப்பில் ஆசிரியை பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். இரண்டு சுழி 'ன' போட்டால் காலனி, கூடி வாழும் இடம். மூன்று சுழி 'ண' போட்டால் காலணி, செருப்பு. அறிக்கையின் நகல் பையில்தான் இருந்தது. மேசைக்கு அடியில் வைத்துப் பிரித்தேன்.

மூன்று சுழி.

நல்ல வேளையாக அதில் ஐந்து அதிகாரிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஐந்தும் 'படித்துப் பார்த்தேன்' என்ற முத்திரைக்குக் கீழே. யாராவது ஒருவர் கவனித்திருப்பார். நாளை நேரில் சொல்லிவிடலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

யாரும் கவனிக்கவில்லை. அல்லது ஐந்து பேரும் கவனித்துவிட்டார்கள். எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான்.

காலையில் வாசலிலேயே கண்காணிப்பு அதிகாரி சாக்குப் பைகளோடு நின்றிருந்தார். கேள்வி கேட்கும் முன் ஒருமுறை மூக்கை உறிஞ்சுவார் என்பதால் பண்ணையில் அவருக்கு மோப்பம் என்று பெயர். வருகிறவர்களின் காலணிகளைக் கழற்றி, சீட்டுக் கட்டி, சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார் விஷயம்?" என்று கேட்டேன்.

"விஷயம் தெரியாத மாதிரி கேக்கறவன் பேரை முதல்ல எழுதிக்கணும்னு எங்களுக்குப் பயிற்சி," என்று சொல்லி என் பெயரை எழுதிக்கொண்டார்.

எல்லோரையும் கூடத்தில் நிறுத்தினார்கள். இயக்குநர் என் அறிக்கையைக் கையில் வைத்திருந்தார். "முட்டைகள் மேல் காலணிகள்," என்று மெதுவாகப் படித்தார். "இந்தத் துறையில எத்தனையோ பார்த்திருக்கேன். தீவனம் காணாமப் போயிருக்கு. ஒருதரம் குளமே காணாமப் போச்சு. அதுக்கெல்லாம் நான் வருத்தப்படல. ஆனா செருப்பை வெக்க ஒரு இடம் வேண்டாமா?"

சாக்கில் சேர்ந்த காலணிகளைச் சரிபார்த்தார்கள். ஒரே ஒருவருடையது மட்டும் வரவில்லை. என் அண்ணியுடையது.

அண்ணிக்குப் பொரிப்பகத்தில் முட்டை பொறுக்கும் வேலை. ரப்பர் குமிழ் போட்ட கண்ணாடிக் குழாயால் வெளுத்த முட்டையைப் பக்கத்து முட்டை அசையாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். எங்கள் வீடு பண்ணைச் சுவரை ஒட்டிய சந்தில். செருப்போடு பொரிப்பகத்துக்குள் போக முடியாது. வெளியே விட்ட ஒரு ஜோடியை நாய் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அண்ணி வெறுங்காலோடுதான் வருகிறார்.

மோப்பம் மூக்கை உறிஞ்சினார். "உங்க காலணி எங்கேம்மா?"

"போடறதில்ல சார்."

"போடறதில்லையா, இன்னைக்குப் போடலையா?"

"போடறதே இல்ல."

மோப்பம் இயக்குநர் பக்கம் திரும்பினார். "எல்லார் காலணியும் வந்திருச்சு சார். முட்டை மேல காலணி இருக்குன்னு அறிக்கை சொல்லுது. இவங்க கால்ல காலணி இல்ல. இதுக்கு மேல நான் எதுவும் சொல்ல விரும்பல."

"சொல்லாமலே புரியுது," என்றார் இயக்குநர்.

"சார், முட்டை ஒண்ணொண்ணும் பட்டாணி அளவுதான் இருக்கும்," என்றார் அண்ணி. "அது மேல செருப்பை வெச்சா கூழாயிருக்காதா?"

"கூழாகாம வெச்சிருக்கீங்க," என்றார் மோப்பம். "இது நல்லா யோசிச்சுச் செஞ்ச சதின்னு அதுலயே தெரியுது."

அண்ணி தற்காலிகப் பணிநீக்கம். மூன்றாம் தொட்டி அறைக்குப் பூட்டும் முத்திரையும். இந்த மாதக் கடைசியில் அண்ணிக்கு வேலை நிரந்தரமாக வேண்டியது. அவர் பார்த்துக்கொண்ட முட்டைகள் நல்லபடியாகப் பொரிந்தால்தான் அந்த ஆணை வரும். பொறுக்க ஆளில்லாவிட்டால் வெளுத்த முட்டையிலிருந்து பக்கத்து முட்டைக்குப் பரவும். பிறகு பொரிக்க எதுவும் மிஞ்சாது.

நான் வாயைத் திறந்தேன். ஐந்து கையெழுத்துக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன். இதையும் வரிசையில் எழுதியாக வேண்டும்.

வீட்டில் அண்ணி தட்டை என் முன் நங்கென்று வைத்தார். "அந்த அறிக்கையை எழுதுன மகராசன் யாருன்னு மட்டும் தெரியட்டும்."

"தெரிஞ்சா?" என்றான் அண்ணன்.

"முதல்ல ஒரு ஜோடி செருப்பு வாங்குவேன். அப்புறம் அதுக்கு வேலை குடுப்பேன்." என் பக்கம் திரும்பினார். "உங்க கூடத்துலருந்துதானே தம்பி போயிருக்கு? யாரது?"

"விசாரிக்கணும் அண்ணி."

"விசாரி. நல்லா விசாரி."

நான் பொய் சொல்லவில்லை. விசாரிக்கத்தான் போகிறேன். ஆனால் அண்ணி என் தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்ததுபோல் இருந்தது. அவருக்குத் தெரியுமா?

அக்டோபர் 9, வியாழன்

பண்ணையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோரும் குனிந்து மற்றவர் காலைப் பார்க்கிறார்கள். காலணி அணிந்தவர் ஆதாரத்தோடு நடமாடுகிறார் என்றும், அணியாதவர் அதை மறைத்துவிட்டார் என்றும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. கணக்குப் பிரிவு எழுத்தர் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். அவரை மூன்று மணி வரை உட்காரவைத்து விசாரித்தார்கள்.

மூன்றாம் தொட்டி அறையில் ஒரு கண்ணாடி சன்னல் உண்டு. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் முத்துகளாக இருந்த முட்டைகளுக்கு நடுவே வெள்ளை அதிகமாகியிருக்கிறது. இரண்டாம் தட்டின் மூலையில் வெள்ளை ஒட்டி ஒட்டி ஒரு திட்டாகவே ஆகிவிட்டது. மீதி முட்டைகளில் கண் தெரிகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி. அவையும் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

நாளை சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன். இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு சன்னலையும் சாத்தச் சொன்னார்.

"ஒரு சுழிதான் சார் கூடிப்போச்சு. அது காலணி இல்ல, காலனி. பாக்டீரியா. என்னோட தப்புதான் சார், அண்ணியை விட்டுடுங்க."

அவர் அறிக்கையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துச் சுழிகளைப் பார்த்தார். "தப்புன்னு ஒத்துக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? அஞ்சு அதிகாரிங்க படிக்காம கையெழுத்துப் போட்டாங்கன்னு ஆகும்."

"சார், நான் அப்படிச் சொல்லல..."

"படிக்காமத்தான் போட்டோம். அதுல ஒண்ணும் சந்தேகமில்ல. நான் இந்த நாற்காலிக்கு வந்ததே எதையும் படிக்காம கையெழுத்துப் போடற வேகத்தால. அது வேற விஷயம். ஆனா அப்படின்னு ஆகக்கூடாது."

"அப்போ என்ன சார் பண்றது?"

"தப்பைத் திருத்தாத. புதுசா கண்டுபிடி. போன வாரம் முட்டை மேல காலணி இருந்துச்சு. இந்த வாரம் காலனி இருக்கு. ரெண்டும் உண்மை. துறை ரெண்டையும் சந்திக்கும்."

இரண்டாவது அறிக்கையை அங்கேயே எழுதவைத்தார். இரண்டு சுழி. ஐந்து பேரும் 'படித்துப் பார்த்தேன்' என்று கையெழுத்திட்டார்கள். இயக்குநர் மேலே ஏதோ குறிப்பு எழுதி அனுப்பினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடமும் சொன்னேன்.

"அப்போ உன் மூணு சுழியாலதான் நான் வீட்டுல உக்காந்திருக்கேனா?"

"ஆமா அண்ணி."

"இவ்வளவு படிச்சு, சாயங்காலமும் போய்ப் படிச்சு?"

"அங்க போனதாலதான் அண்ணி தப்பே தெரிஞ்சுது."

"ஒரு வாரம் முன்னாடி போயிருக்கக்கூடாதா?" என்றார். அண்ணன் சிரித்துவிட்டான். அண்ணி சிரிக்கவில்லை. "அந்த ரெண்டாம் தட்டு மூலை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 11, சனி

குறிப்பு என்னவென்று இன்று தெரிந்தது. என் அறிக்கை குடியிருப்புப் பிரிவுக்குப் போயிருக்கிறது. 'பண்ணை வளாகத்தில் அனுமதியற்ற காலனி' என்று தலைப்பு. மேலாளர் என்னை எதிரே உட்காரவைத்தார்.

"எத்தனை குடும்பம்?"

எனக்குத் தெரிந்த பதில் அது. தட்டில் வளர்ந்தவை இரண்டு குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியா. "ரெண்டு குடும்பம் சார்."

"மொத்தம் எத்தனை பேர்?"

"கோடிக்கணக்குல சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டே குடும்பத்துலயா? இதான், இதேதான். ரெண்டு பேர்னு சொல்லித்தான் உள்ளே வருவாங்க. எப்போலருந்து இருக்காங்க?"

"முட்டை வந்த நாள்லருந்தே. தண்ணியிலேயே இருப்பாங்க சார்."

"ஆபத்து. தொடர்ந்து இருந்துட்டா அப்புறம் நிரந்தரம் கேப்பாங்க."

நான் தொடர்ந்து நான்கு வருடமாகத் தற்காலிகம். சொல்லவில்லை.

"ஆளுங்க எப்படி? சாதுவா?"

"ஒரு குடும்பம் சாது சார். அவங்க இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதால மோசமானவங்க உள்ளே வர முடியாது. இன்னொண்ணு செத்த முட்டையில ஆரம்பிச்சுப் பக்கத்து முட்டைக்குப் பரவும்."

"அப்போ ஒரு குடும்பம் காவல் காக்குதுங்கறீங்க. யார் போட்ட உத்தரவு? நாளைக்குச் சம்பளம் கேட்டா யார் கொடுப்பா?" அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "நீங்க அவங்களைப் பத்தி ரொம்ப அக்கறையா பேசறீங்களே. உங்களுக்கு ஏதாவது உறவா?"

இல்லை என்றேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் முழு உண்மையா என்று தெரியவில்லை. என் தோல் மேலும் இருக்கும்.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் தருவது என்று முடிவானது. நோட்டீஸை நேரில் தர வேண்டும். நேரில் தர அறையைத் திறக்க வேண்டும். அந்த வரியைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அவங்க இருக்கிற இடம் எனக்குத்தான் சார் தெரியும். நானும் வரேன்," என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

மோப்பம் முத்திரையை உடைத்தார். குடியிருப்பு மேலாளர் நோட்டீஸோடு உள்ளே வந்தார். நான் ஒரு கிண்ணத்தையும் அண்ணியின் கண்ணாடிக் குழாயையும் கொண்டுபோனேன். சன்னலுக்கு வெளியே அண்ணி நின்றிருந்தார். பணிநீக்கத்தில் இருப்பவர் உள்ளே வரக்கூடாது என்றுதான் ஆணை. வெளியிலிருந்து பார்க்கக்கூடாது என்று இல்லை.

"இதுல யார் வாங்கிப்பாங்க?" என்றார் மேலாளர், தட்டுகளைப் பார்த்து.

"யாரும் வாங்க மாட்டாங்க சார். கையில்ல."

"மறுப்பு," என்று எழுதிக்கொண்டார். "படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்போ வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும். விதி அப்படி."

அவர் தொட்டி முன் நின்று உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நீளமான நோட்டீஸ், அவருடைய பிரிவில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அது முடிவதற்குள் நான் இரண்டாம் தட்டின் மூலைக்குப் போய் வெளுத்த முட்டைகளை உறிஞ்சி எடுத்துக் கிண்ணத்தில் விட்டேன். அவசரத்தில் குமிழைச் சட்டென்று விட்டேன். பக்கத்திலிருந்த நல்ல முட்டை ஒன்றையும் சேர்த்து இழுத்துவிட்டேன். அண்ணி கண்ணாடியைத் தட்டினார். குமிழை இரண்டு விரலால் மெல்ல விடும்படி காட்டினார். பிறகு கீழே, கீழே என்று காட்டினார். மூன்றாம் தட்டிலும் ஒரு திட்டு.

மேலாளர் படிப்பதை நிறுத்தினார். "என்ன எடுக்கறீங்க?"

"செத்த முட்டை சார்."

"அது அவங்க இருக்கிற வீடு இல்லையா? இடிக்கறீங்களா? இடிக்கறதுக்குத் தனி ஆணை வேணுமே!"

நான் திரும்பிப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே அண்ணி துணி பிழிவதுபோல் சைகை காட்டினார். என்னவென்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "இடிக்கல சார். சுத்தம் பண்றேன். பராமரிப்பு."

"பராமரிப்புன்னா சரி," என்று மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். இடையில் நிறுத்தினால் செல்லாதாம். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நான்கு தட்டையும் முடித்துவிட்டேன்.

மோப்பம் மட்டும் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் பார்த்தார். அண்ணி இல்லை.

அக்டோபர் 22, புதன்

இடையில் எழுத முடியவில்லை. நோட்டீஸின் நகலை அன்றாடம் படித்துக்காட்ட வேண்டும் என்று நானே மேலாளரிடம் சொல்லிவைத்தேன். அவர் படிக்க, நான் பொறுக்க, அண்ணி வெளியிலிருந்து கை காட்ட, வெள்ளை குறைந்துகொண்டே வந்தது.

இன்று மூன்றாம் தொட்டி பொரிந்துவிட்டது. வால் துடிக்கும் குஞ்சுகள் தட்டு முழுக்க. முட்டை ஓடுகள் நீரோடு போய்விட்டன. அவற்றின் மேலிருந்த பாக்டீரியாவும் போயிற்று. மேலாளர் வந்து முட்டையே இல்லாத தட்டைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

கூடத்தில் இயக்குநர் பேசினார். "நோட்டீஸ் கொடுத்து ஒரு தரப்பு தானாகவே காலி பண்ணினது நம்ம துறையில இதுதான் முதல் தடவை. கோடிக்கணக்கானவங்க. ஒரு முணுமுணுப்பு இல்ல. இனிமே ஊழியர்களும் இதை முன்மாதிரியா எடுத்துக்கணும்."

கைதட்டினோம். குஞ்சுகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பிறகு அண்ணியை அழைத்தார்கள். பொரிந்ததால் நிரந்தர ஆணை தயார். ஆனால் காலணி விவகாரம் முடியவில்லை. மோப்பம் மூக்கை உறிஞ்சினார். "காலணி கிடைக்காம கோப்பை மூட முடியாது. காலணியே இல்லாதவங்களை வேலையில வெச்சிருக்கவும் முடியாது. மறுபடி சந்தேகம் வரும். அதனால துறையே இவங்களுக்குக் காலணி வழங்குது. வேலை நேரம் முழுக்கக் கழற்றக்கூடாது."

கொண்டுவந்தார்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். நோய் வந்து மீன் செத்த குளத்தைத் தூர்வாரிய பிரிவிலிருந்து எடுத்தது. அடியில் சேறு காய்ந்து அப்பியிருந்தது.

"கழுவிட்டுப் போட்டுக்கறேன் சார்," என்றார் அண்ணி.

"கழுவக்கூடாது. தடயம் போயிடும்."

"எதுக்குத் தடயம் சார்? இப்போதான் குடுக்கறீங்க."

"தடயம் எதுக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சா அது தடயமே இல்லம்மா."

அண்ணி ஆணையைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். அவர் கால்களை உள்ளே விட்டுக்கொண்டார்.

அக்டோபர் 28, செவ்வாய்

புதிய முட்டைகள் நான்காம் தொட்டிக்கு வந்திருக்கின்றன. அது தரையோடு இருக்கும் தொட்டி. அண்ணி தட்டுக்குத் தட்டு தாண்டித்தான் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூட்ஸிலிருந்து பழுப்பு நீர் சொட்டுகிறது. நான் பார்த்தேன். மோப்பமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணி பூட்ஸைக் கழற்றுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சொட்டுவதை அவர் பார்க்கவில்லை. அது அவர் வேலை இல்லை.

நேற்றிலிருந்து முட்டைகள் வெளுக்கத் தொடங்கியிருக்கின்றன. ஒரு மூலையில் இல்லை, எல்லாத் தட்டிலும். வாடையும் அடிக்கிறது. நேற்று பூசிய தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பழைய இரண்டு குடும்பமும் இல்லை. வேறு நிறம், ஓரம் பரந்து வழிகிறது. இதுதான் கெட்டது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உறுதியாகத் தெரியும் வரை அப்படித்தான் எழுத வேண்டும்.

மோப்பம் மகிழ்ச்சியாக இருக்கிறார். "முதல் அறிக்கையே சரி, பார்த்தீங்களா? காலணிதான் காரணம். இந்தத் தடவை கால்ல இருக்கும்போதே பிடிச்சுட்டோம்." நாளை மறுநாள் விசாரணை. ஆணை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வீட்டில் அண்ணி பூட்ஸை வாசலில் கவிழ்த்து வைத்தார். இந்த முறை நாய் அதன் பக்கமே வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"மூணு சுழி," என்று கூப்பிட்டார் அண்ணி. இப்போதெல்லாம் என் பெயர் அதுதான். "என் மேல எழுதுவியா?"

"பூட்ஸ் மேல எழுதுவேன் அண்ணி."

"பூட்ஸுக்குள்ள யாரு இருக்கா?"

"அது யார் குடுத்ததுன்னு எழுதுவேன்."

"அவங்கதான் படிக்கவே மாட்டாங்களே."

"படிக்காமத்தானே அண்ணி கையெழுத்துப் போடுவாங்க?"

அண்ணி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார். தட்டில் சோறு வழக்கமான அளவுக்கு வந்தது.

நாளைய வேலை: துறை வழங்கிய காலணியின் அடியில் பஞ்சுக் குச்சியால் தடவி, தட்டில் பூசி, நான்காம் தொட்டியில் வளர்ந்த அதே காலனி அதிலும் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்தால் அறிக்கையில் மூன்று சுழிச் சொல் ஒன்றும் இரண்டு சுழிச் சொல் ஒன்றும் வரும். அனுப்பும் முன் அண்ணியிடம் காட்ட வேண்டும். 'துறை வழங்கிய' என்ற இரண்டு சொல்லில் சுழிக் குழப்பம் எதுவும் இல்லை. பார்த்துவிட்டேன்.